கம்பெனிச் சுவரில் ஏரி

கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாத மனிதர்களோடு பத்து நாள் மாரடித்தால் யாருக்குத்தான் தலை வலிக்காது? குப்பாயிக்கு இரண்டு நெற்றிப்பொட்டும் விண்விண்ணென்று தெறித்தது. எதிரே அறுபதடி நீளத்துக்குக் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர். அதில் அவள் ஐந்து நாளாக வரைந்த ஏரி. பின்னால், அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள், சென்னையிலிருந்து வந்த டிசைனர் ஸ்நேகா.

“எல்லாமே மாறிப்போய் இருக்கு பென்னி! அப்ரூவ் ஆன டிசைன்ல தண்ணி லெஃப்ட்ல இருக்கு. இவங்க ரைட்ல போட்டிருக்காங்க. ஜி.எம்.முக்கு நான் என்ன பதில் சொல்றது?”

பென்னி, ஊர் ஜனங்களோடு பேசுவதற்கென்றே கம்பெனி ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் ஆள். முப்பது வயது, புதுவாயலில் வீடு, மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அவன் தாளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

“குப்பாயிக்கா, இன்னாக்கா இது? தாள நல்லாதானே காட்டுனேன்?”

“நல்லாதான் காட்டுன. அத்த என் ஊட்டுச் சுவத்துல போட்டப்ப நான் தெக்கப் பாத்து நின்னேன். இங்க வடக்கப் பாத்து நிக்கறேன். ஏரி இன்னா உங்க கம்பெனி பஸ்ஸா, நீ திருப்பன பக்கம் திரும்பறதுக்கு? நீயே சொல்லு, இங்கேந்து பாத்தா ஏரி எந்தக் கைப்பக்கம் கீது?”

பென்னியின் வலது கை தானாக நீண்டது. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஏரி வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

“அப்ப நான் எந்தக் கைப்பக்கம் போட்டுக்கீறேன்?”

பென்னி மெல்லத் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான். கோட்டுக்குக் கோடு, புள்ளிக்குப் புள்ளி அப்படியே பொருந்தியது. ஓரத்தில் ஸ்நேகா தன் இஷ்டத்துக்குச் சேர்த்திருந்த, கைகோத்து ஆடும் மனிதப் பொம்மைகள் மட்டும் தலைகீழாகத் தொங்கின. அந்தப் பொம்மைகளைக் குப்பாயி வரையவே இல்லை. இடுப்புத் தண்ணியில் நிற்கிறவர்கள் எதற்காகக் கைகோத்து ஆடப்போகிறார்கள்?

விஷயம் இதுதான். பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில் இருபத்தாறு வீடுகள் கொண்ட இருளர் குடியிருப்பு குப்பாயியுடையது. பெண்கள் பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணியில் குந்தி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் மழை வந்து ஏரியின் அடித்தரையைக் கலைத்துப் போட்டுவிடும். போன வருடம் முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இந்த வருடம் ஆள் முழுகிப்போவாள். அதனால் மழை விட்டதும் குப்பாயி பதினைந்து நாள் ஏரியை நடந்தே பார்ப்பாள். அப்புறம் வீட்டுச் சுவரில் அதை வரைவாள். வெள்ளைப் புள்ளி என்றால் கெட்டித் தரை. செம்மண் கோடு என்றால் நீரோட்டம். வளையம் என்றால் பள்ளம். அதற்கு மஞ்சள் வைத்துக் கன்னியம்மாளைக் கும்பிட்டு, நன்றாகப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டுதான் பெண்கள் தண்ணியில் கால் வைப்பார்கள். சாமியும் அதுதான், வழியும் அதுதான். பார்க்க அழகாகவும் இருக்கும், இல்லையென்று சொல்ல முடியாது. அந்த அழகுதான் வம்பாகப் போயிற்று. யாரோ போட்டோ எடுத்து, அது ஜி.எம். வரைக்கும் போய், “ட்ரைபல் ஆர்ட்” என்று பேர் வாங்கி, தாளில் டிசைனாக அச்சாகி, கம்பெனியின் தெற்குச் சுவருக்கு வந்து நின்றது.

குப்பாயி ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஜி.எம். போர்த்திய சால்வை இல்லை. கம்பெனி எழும்பிய பிறகு மூன்று குடியிருப்புப் பெண்களும் ஏரிக்குப் போக இந்தச் சுவரோரப் பாதைதான் மிச்சம். அதிலும் ரோட்டோரம் புதுக் காலனியில் இருப்பவர்கள் செங்கல் சூளைக் கொத்தடிமையிலிருந்து மீண்டு வந்தவர்கள். ஏரியைப் பார்த்தே பல வருடம் ஆனவர்கள். வீட்டுச் சுவரில் போட்டால் பதினோரு பேர் பார்ப்பார்கள், இங்கே போட்டால் மூன்று ஊரும் பார்க்கும் என்று கணக்குப் போட்டாள்.

அந்தக் கணக்கு பலிக்கவும் செய்தது. இரண்டு நாளைக்கு முன் புதுக் காலனியிலிருந்து கவிப்பிரியா வந்து நின்றாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். தண்ணியில் இறங்க இதுதான் முதல் தடவை.

“எங்க எறங்கலாம்க்கா? வெள்ளிக்கிழமைக்கு ஏழு பேர் வரோம்.”

குப்பாயி சுவரில் நரியோடை ஏரியில் வந்து சேரும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “இந்த வாய்ல எறங்கு. ஓடத்தண்ணி மணல இட்டாந்து கொட்டிக்கினே இருக்கும், அடி கல்லு கணக்கா கெட்டி. கண்ண மூடிக்கினு போலாம்.”

அப்படி ஏழு பேர் உயிரை வைத்து நடக்கப்போகிற படத்தைத்தான் இப்போது இடம் வலம் மாற்றச் சொல்கிறார்கள்.

ஜி.எம். வந்தார். தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். வியாழக்கிழமை காலையில் திறப்பு விழா, மும்பையிலிருந்து டைரக்டர் வருகிறார், இன்று புதன்.

“அழிச்சுட்டு டிசைன்படி போட்டுடும்மா. இதுல என்ன பெரிய கஷ்டம்?”

“சார், தண்ணிய மேக்கால போடச் சொல்றீங்க. மேக்கால ரயில்தான் ஓடுது. இத்த பாத்துட்டு எவளாவது தண்டவாளத்துல பறி வெச்சுக்கினு குந்துவா.”

பென்னி இருமினான். ஸ்நேகா, “இது ஒரு ரெப்ரசென்டேஷன் தானே அம்மா,” என்று ஆரம்பித்தாள். குப்பாயிக்குப் பொறுமை அடியோடு போய்விட்டது.

“உங்களுக்கு அந்தத் தாள்ல இருக்கறபடியேதான் வேணுமா? அப்ப சுவத்துக்கு உள்பக்கம் போட்டுக்குங்க. உள்ள நின்னு சுவத்தப் பாத்தா தெக்கப் பாத்து நிப்பீங்க. ஏரி இடக்கைப் பக்கம் சரியா வரும். வெளிய இது இப்டியே இருக்கட்டும்.”

ஜி.எம். யோசித்தார். உள்பக்கம் கேன்டீன் இருந்தது, டைரக்டர் அங்கேதான் காபி குடிப்பார். இரண்டு பக்கமும் ஓவியம் என்றால் இன்னும் நல்லது. “எக்ஸலன்ட்,” என்றார். பென்னிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உள்ளே போவதென்றால் சும்மாவா? கேட்டில் போட்டோ எடுத்தார்கள், ரேகை வைக்கச் சொன்னார்கள். இந்தியில் ஓடிய பாதுகாப்பு வீடியோ ஒன்றை இருபது நிமிடம் பார்த்து, புரிந்தது என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தலையில் மஞ்சள் தொப்பி. காலில் ஆம்பிளை ஷூ, உள்ளே தினத்தாளைக் கசக்கித் திணித்தும் கழன்றது. இத்தனை கூத்தையும் முடித்துக்கொண்டு கேன்டீன் பக்கம் வந்து, வரைவதற்கு முன் வழக்கம்போலத் திசை பார்க்கத் திரும்பினாள்.

திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“பென்னி, நரியோட எங்க?”

அங்கே கறுப்பாக, சமமாக, ஒரு புல்லுக்கூட வழியில்லாத மைதானம் ஒன்று கிடந்தது. அதன் மேல் வரிசையாகப் பதினெட்டு லாரிகள்.

“இங்கதானேடா வரும்? அந்தப் பன மரத்துலேந்து வளஞ்சு... பன மரமும் காணோமே.”

“ஆடி மாசமே தூத்துட்டாங்கக்கா. இரும்பு உலைக் கசடு கொட்டி, மேல ரோலர் உட்டு... லாரி நிறுத்த எடம் பத்தலன்னு.”

“உனுக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுக்கினா நான் அத்த வெளிய வரையறத அஞ்சு நாளா பாத்துக்கினு நின்ன?”

“அது சும்மா படம்னு நெனச்சேன்க்கா,” என்றான் பென்னி. அவன் அப்பா அறுப்பு அறுத்த வயலும் அந்த லாரிகளுக்கு அடியில்தான் இருந்தது. அதனால் அவனைத் திட்ட வாயெடுத்தவளுக்குத் திட்டு வரவில்லை.

கோபம் முதலில் கம்பெனி மேல் வந்தது, அப்புறம் பென்னி மேல் வந்தது, கடைசியில் தன் மேலேயே வந்தது. அந்த வருடம் கால் பட்ட இடத்தைத்தான் வரைய வேண்டும். படம் போடும் கைக்கு அது ஒன்றுதான் சட்டம். இந்த வருடம் அவள் குழு தெற்குப் பக்கம்தான் இறங்கியது. வடக்கே கரைவரைக்கும் கம்பெனி முள்கம்பி போட்டிருந்ததால் அந்தப் பக்கம் அவள் போகவே இல்லை. ஓடையை எவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று போன வருட ஞாபகத்தில் கோட்டை இழுத்துவிட்டாள். கிழக்கு தெரியாதவர்கள் என்று ஊரையெல்லாம் ஏசியவள், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள்.

தொப்பியையும் ஷூவையும் பென்னியின் கையில் கொடுத்தாள். உள்பக்கத்தை ஸ்நேகா தன் ஆட்களை வைத்து எப்படி வேண்டுமானாலும் வரைந்துகொள்ளட்டும். அதை நம்பி இறங்கப்போகிறவர் அங்கே யாருமில்லை. நேராக வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணை இழுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினாள்.

முள்கம்பிக்கு வெளியே, தண்ணிக்குள்ளேயே வடக்கு நோக்கி நடந்தார்கள். ஓடை வாய் இருந்த இடத்தில் மேலே பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. குப்பாயி வலது காலை வைத்தாள். தரை இல்லை. கால் தொடை வரைக்கும் போயிற்று, இழுக்க இழுக்க அடியிலிருந்து உறிஞ்சியது. மணல் கொண்டுவர ஓடை இல்லாததால் அந்த இடம் முழுக்க உளைச் சேறாகிக் கிடந்தது. சின்னப்பொண்ணு அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தாள்.

“வயசாச்சு, புத்தி வேணாம் உனுக்கு? ரெண்டு காலையும் வெச்சிருந்தின்னா?”

“வெள்ளிக்கிழம ஏழு பேரு ரெண்டு காலையும் வெப்பாங்க சின்னப்பொண்ணு. நான்தான் சொன்னேன்.”

சின்னப்பொண்ணு அதற்குமேல் திட்டவில்லை. ஈரத் துணியோடே குப்பாயி புதுக் காலனிக்குப் போனாள். சுவரில் கரிக் கை எங்கே இருந்தாலும் அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள், ஆள் செத்த இடம் என்று அர்த்தம், என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவர்களிடம் இருக்கும் கடைசிக் குறி அது. யாராவது முழுகிப்போன இடம் என்றால் கரியை அரைத்து உள்ளங்கையில் பூசிப் படத்தின் மேல் அழுத்துவார்கள். இருபது வருடத்தில் குப்பாயி அப்படி நான்கு முறைதான் வைத்திருக்கிறாள். நான்கு பேருடைய பேரும் அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவள் சுவருக்கு வந்தாள். நரியோடையின் செம்மண் கோட்டின் மேல், பனை மரத்து வளைவிலிருந்து ஏரி வாய் வரைக்கும் வரிசையாகக் கையைப் பதித்தாள். ஒன்பது கை. ஆள் சாகாவிட்டால் என்ன, ஓடை செத்துப்போயிற்று. வாயில் இருந்த வெள்ளைப் புள்ளிகளின் மேல் பத்தாவதாக ஒன்றை அழுத்தும்போது பென்னி ஓடி வந்தான்.

“அக்கா, விடிஞ்சா பங்ஷன்க்கா! இன்னாக்கா இப்டி கரியப் பூசற? என் வேல போய்டும்க்கா!”

“இப்பதான் படம் சரியாச்சு. போ.”

அவன் போவதற்குள் ஜி.எம். கார் வந்து நின்றது. அவர் இறங்கிச் சுவரின் முன்னால் நின்றார். பென்னி கண்ணை மூடிக்கொண்டான்.

“வாவ்,” என்றார் ஜி.எம். “இதுதான் மிஸ்ஸிங்கா இருந்துது. ஹ்யூமன் டச்! யார் ஐடியா? பென்னி, உன்னோடதா?”

பென்னி குப்பாயியைப் பார்த்தான். குப்பாயி வானத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலை பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் வந்தன. டைரக்டர் ரிப்பன் வெட்டினார். கல்வெட்டில் ‘ஓவியம்: குப்பாயி’ என்று பொறித்திருந்தார்கள், எழுத்துக்கூட்டிப் படித்துச் சின்னப்பொண்ணு அவளை இடுப்பில் இடித்தாள். அதோடு முடிந்திருந்தால் குப்பாயியும் டிபன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் மேஜை மேல் ஒரு தாம்பாளம் வந்தது, அதில் கறுப்புப் பெயின்ட்.

“நாமளும் இந்த மண்ணோட ஒரு பகுதி,” என்று மைக்கில் சொன்னார் ஜி.எம்.

டைரக்டர் கையை நனைத்துச் சுவரில் அழுத்தினார். அழுத்திய இடம் தெற்கு முனையின் வெள்ளைப் புள்ளிகள், குப்பாயி பதினைந்து நாள் நடந்து கண்டுபிடித்த முதல்தரமான கெட்டித் தரை. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து ஜி.எம்., அடுத்து அவர் மனைவி, அப்புறம் மேனேஜர்கள், அப்புறம் இன்ஜினியர்கள். வரிசை நீண்டது. ஆளுக்கொரு இடமாகப் பார்த்து, படம் காலியாக இருக்கிறதே என்று நல்ல நல்ல இடமாகப் பார்த்து வைத்தார்கள்.

“அங்க வெக்காதீங்க!” குப்பாயி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். “சார், அது எறங்கற எடம்! கைய எடுங்க சார்! அது ஆள் செத்த கை சார்!”

டைரக்டர் சிரித்துக்கொண்டே, இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று பென்னியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இந்த அம்மா ரொம்ப சந்தோஷப்படுகிறார், எல்லாரும் கை வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று பென்னி ஆங்கிலத்தில் சொன்னான். டைரக்டர் குப்பாயியின் கரி படிந்த கையைப் பிடித்துக் குலுக்கினார், போட்டோ எடுத்தார்கள்.

“அவரு இன்னா கேட்டாரு, நீ இன்னா சொன்ன?” என்றாள் குப்பாயி.

பென்னி நகர்ந்துபோய் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தான். அன்று முழுக்க அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

பந்தல் பிரித்த கையோடு அவள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவரோரம் காவலுக்கு மணிகண்டன் நின்றான்.

“நைனா, நகரு. இன்னிக்கு வெச்ச கைய அழிக்கணும்.”

“தொடக்கூடாதும்மா. இன்னிலேந்து இது ஹெரிட்டேஜ் சுவராம். யாரும் கை வெக்காம பாத்துக்கன்னுதான் என்னிய போட்டுக்கீறாங்க.”

“நான் வரஞ்ச படம்பா இது!”

“கல்வெட்ட பாத்தேன்மா. இருந்தாலும் ஆர்டர் இல்ல. ஜி.எம்.கிட்ட எழுதி வாங்கினு வா.”

ஜி.எம். டைரக்டரோடு விமான நிலையத்துக்குப் போயிருந்தார். பென்னியின் போன் அணைந்திருந்தது. ஸ்நேகாவுக்கு போன் போட்டால், போட்டோக்கள் எல்லாம் சூப்பராக வந்திருக்கிறது அம்மா, பேப்பரில் வரப்போகிறது, என்றாள். பேஜாராகி, வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டுக் குப்பாயி வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அவள் சுவருக்கு வந்துவிட்டாள். புதுக் காலனியிலிருந்து ஏழு பேர் பறியோடு வந்தார்கள், முன்னால் கவிப்பிரியா. சுவரைப் பார்த்ததும் ஏழு பேரும் நடையை நிறுத்தினார்கள். ஏரி முழுக்க, கரையோரம், நீரோட்டம், கெட்டித் தரை என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் கறுப்புக் கைகள். கவிப்பிரியா வாயால் எண்ணிப் பார்த்தாள். முப்பதுக்கு மேல் அவளால் எண்ண முடியவில்லை.

“அக்கா,” என்றாள். “இத்தினி பேரா செத்துட்டாங்க?”

குப்பாயிக்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. கல்வெட்டில் இருப்பது அவள் பேர்.

“யாரும் சாவல. அந்தக் கை வெச்சவங்க எல்லாம் நல்லா துன்னுட்டு ஏசி கார்ல போய்ட்டாங்க. எறங்கப்போறது நம்பதான். இந்தச் சுவத்தப் பாக்காத. என் பின்னாடி வா, நான் கால எடுத்த எடத்துல கால வை. வேற எங்கயும் வெக்காத.”

அவள் முன்னால் நடந்தாள், ஏழு பேரும் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். அன்று அவர்களுக்குத் தரை காட்டியதிலேயே பொழுது போயிற்று. குப்பாயியின் பறியில் ஒரு இறால்கூட இல்லை. சனிக்கிழமை மூன்றாவது குடியிருப்புக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் பதினாலு பேர்.